தொழுகை நேரமும் ஊசலாடும் மூச்சும்

திருவாலங்காட்டிலிருந்து ஒரு தகப்பனார் நம்மிடம் வினவுகிறார்: "என் மகள் சென்னையில் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியொன்றின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சில நாள் அஸர் களாவாகி விடுகிறதாம். இந்த வேலை அவளுக்கு ஆகுமா?"

எலும்புக்கு என்ன தீவிரச் சிகிச்சை என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. தொடையெலும்பு முறிந்தால் மஜ்ஜையிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கக்கூடும். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இது தலைகாட்டும். மூச்சு வேகமாகும், நோயாளி சற்றே உளறுவார். மயக்க மருந்தின் வேலை என்று உறவினர் இருந்துவிடுவர். பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்குத்தான் விபரீதம் புரியும்.

தொழுதுகொண்டிருக்கையில் ஒருவர் நீரில் மூழ்கக் கண்டால், தொழுகையை முறித்துக்கொண்டு போய்க் காப்பாற்ற வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஹிஜ்ரி 5-ல் அகழ் யுத்தத்தில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி கவனித்த கூடாரம், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே இருந்தது.

ஆனால், மூச்சு சீராக இருக்கையில், மாற்று நர்ஸ் அருகில் நிற்கையில், அசட்டையால் தவறும் தொழுகைக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது. நான்கு ரக்அத்துக்குச் சில நிமிடங்கள் போதுமே! ஆகவே, அஸர் தவறிய அந்நேரம் படுக்கையிலிருந்தவரின் நிலை என்ன என்று மகளிடம் கேட்டு நமக்கு எழுதுங்கள்.