நட்டத்தின் முன் நிற்கும் உள்ளம்

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டிற்குக் கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகப் பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் வருவது வழக்கம். ஒரு குடும்பம் பல திங்கள் உழைத்து வளர்த்த பயிர் ஓரிரவில் மிதிபட்டுப் போவதுண்டு. ஆயினும் அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் அதே உழவர் மீண்டும் விதைக்கிறார். அவருக்கு அண்மையில் உள்ள ஓசூர்த் தொழிற்பேட்டையிலோ, விற்பனை குறைந்த மாதத்திலும் சம்பளம் பெறும் நிர்வாகிகள் பலர். இதைக் கண்டுதான், "நட்டத்தைத் தாங்கும் உள்ளம் சொந்த முதலிட்டவனுக்கே வரும், நிர்வாகிக்கு வராது" என்கிறோம். இது முழு உண்மைதானா?

அதே ஓசூரிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1984ஆம் ஆண்டில் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதனைத் தலைமையேற்று நடத்திய ஸெர்க்ஸஸ் தேசாய் முதலாளி அல்லர். சம்பளம் பெற்ற நிர்வாகியே. கைக்கடிகாரத்தில் வெற்றி கண்ட அந்நிறுவனம் 1990களில் 'தனிஷ்க்' என்னும் பெயரில் நகைத் தொழிலில் இறங்கி, 18 காரட் நகைகளை விற்க முற்பட்டது. நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் முன்னரே சொல்லியிருப்பர்: இந்நாட்டில் நகை வெறும் அணிகலன் அன்று; ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. 22 காரட்டுக்குப் பழகிய மக்கள் அந்நகைகளை விரும்பவில்லை. நட்டம் தொடர்ந்தது. தொழிலையே மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

மக்களுக்கு இரசனை இல்லை என்று பழி கூறியிருக்கலாம். கைகழுவி ஒதுங்கியும் இருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 22 காரட்டுக்கு மாறினர். பொன்னின் தரத்தை அளந்து காட்டும் 'காரட் மீட்டர்' கருவியைக் கடைகளில் வைத்தனர். தம்மிடமிருந்த நகையின் உண்மைத் தரத்தை மக்கள் தம் கண்ணாலேயே கண்டனர், நம்பிக்கை பிறந்தது. இன்று அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு நகைத் தொழிலிலிருந்தே வருகிறது.

இங்கே நாம் உணரவேண்டியது யாது? பிடிவாதம் வேறு, மனத்திண்மை வேறு. பிடிவாதக்காரர் தம் கருத்தைக் காப்பாற்றிக்கொண்டு தொழிலை இழப்பார். திண்மையுடையவர் தம் கருத்தை இழந்தேனும் தொழிலைக் காப்பார். உரிமைப் பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று இந்தப் பண்பு.

ஆனால், பிறர் பணத்தைக் கொண்டு துணிவது அறமாகுமா? இஸ்லாமிய வணிக நெறி இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்கும் 'முளாரபா' கூட்டில் இலாபம் பேசியபடி பங்கிடப்படும். நட்டம் நேர்ந்தால் முதலிட்டவருக்குப் பணம் போகும்; உழைத்தவருக்கு உழைப்புப் போகும். கவனக்குறைவோ நம்பிக்கை மோசடியோ இருந்தால் மட்டுமே உழைத்தவர் முதலுக்குப் பொறுப்பாவார். நட்டம் குற்றமன்று, அமானிதத்தை மீறுவதே குற்றம் என்பது இதன் உட்பொருள்.

இந்த அளவுகோலை நம் இல்லங்களிலும் கையாள்கிறோமா? கடை நொடித்துத் திரும்பும் பிள்ளையை, "உனக்கு வியாபாரம் வராது; எங்காவது சம்பளத்துக்குப் போ" என்று ஒரே சொல்லில் முடக்கிவிடுகிறோம். அவனிடம் இரண்டு கேள்விகளே கேட்கத்தக்கவை. கணக்கில் எதையாவது மறைத்தாயா? இந்த நட்டத்தில் எதைக் கற்றாய்? முதற் கேள்விக்கு 'இல்லை' என்றும், இரண்டாவதற்குத் தெளிவாகவும் விடை கூறுவானாயின், இயன்ற முதலை மறுபடியும் அவன் கையில் கொடுப்பதே பெற்றோர்க்கு அழகு.