பிறர் கண்ணும் நம் தேகமும்

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலமே வெலிங்டன் தீவு. அங்குத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் சில கூடிய ஒரு மாலையில், தேகத்தின் நிலையாமை குறித்து உபந்நியாசம் செய்தேன். தோலை நீக்கிப் பார்த்தால் உள்ளே அருவருப்பன்றி வேறில்லை என்று, வழக்கம்போல் குரலுயர்த்திச் சொன்னேன். கூட்டம் கலைந்த பின்னர் ஓர் இளம்பெண் மட்டும் நின்றாள்.

“ஐயா, பெண் பார்க்க வந்தவர்கள் என் உடம்பைக் குறை கூறிச் சென்றார்கள். தொலைக்காட்சியும் நாள்தோறும் அதையே கூறுகிறது. இன்று தாங்களும் கூறினீர்கள். மூவருக்கும் வேறுபாடு என்ன?”

என்னிடம் விடை இல்லை. பாலம் கடந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வியும் உடன் வந்தது.

அவளிடம் அவர்கள் கண்ட குறை கறுப்பு நிறம். 1975-ஆம் ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதன் விளம்பரக் கதையை அன்பர்கள் அறிவர். கறுத்த பெண்ணுக்கு வேலையில்லை, வரனில்லை. பூசினாள், வெளுத்தாள், யாவும் கிடைத்தன. கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாதென விளம்பரத் துறையினரின் நெறிமுறை மன்றமே 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் பூச்சின் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. ஆயினும் விளம்பரத்தை மட்டும் பழிப்பது நேர்மையன்று. பிறந்த சிசுவின் காது மடலைப் புரட்டி நிறம் கணிக்கும் பாட்டிமார், எந்த நிறுவனத்திடமும் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லர்.

2025 மார்ச்சில், கேரள அரசின் தலைமைச் செயலராய் இருந்த சாரதா முரளீதரன் அம்மையார், தம் பணிக்காலத்தையும் தமக்கு முன் அப்பதவி வகித்த கணவரின் பணிக்காலத்தையும் கறுப்பு வெள்ளையென ஒருவர் ஒப்பிட்டுப் பேசியதை வெளிப்படையாக எழுதினார். நான்கு வயதில், தம்மை மீண்டும் கருப்பையில் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர இயலுமா என்று தாயைக் கேட்டதையும் குறித்தார். அந்நாளில் கேரளத்தில் தொலைக்காட்சியும் இல்லை, மேற்சொன்ன பூச்சும் இல்லை. அக்குழந்தைக்குத் தன் நிறம் பிழையென்று கற்பித்தவர் யார்?

நான் ஆலையில் இருந்த காலத்தில் காடாத் துணி வெளுப்பதைக் கண்டிருக்கிறேன். மருந்து சற்று மிகுந்தால் துணி பால்போல் வெளுக்கும். விரலால் இழுத்தால் கிழியும். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டனர். அக்களிம்புகளில் பாதரசம் இருந்தது. அது தோலில் கருநிறப் பொருள் உண்டாவதைத் தடுக்கும்; பிறகு இரத்தத்தில் ஊறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். பிம்பிசாரனின் தேவி கேமை, அழகுச் செருக்கால் பகவானைக் காண வர மறுத்தவள். அவளுக்கு ஓர் எழிலுருவம் மூத்துத் தளர்ந்து விழுவதை அவர் காட்டினார் என்று உரை கூறும். அது செருக்குக்குத் தந்த மருந்து. தேகத்தின் அருவருப்பைச் சிந்திக்கும் தியானமும் மோகத்தால் எரியும் கண்ணுக்கு உரியது. உதயகுமாரனுக்கு வேண்டிய மருந்தை மணிமேகலைக்கு ஊட்டுவாருண்டோ? தன் தோலை வெறுக்கப் பழக்கப்பட்ட பெண்ணிடம் நான் மேலும் வெறுப்பையே கொண்டு சென்றேன். ‘நான் உயர்ந்தவன்’ என்பது மட்டுமன்று, ‘நான் தாழ்ந்தவள்’ என்பதும் மானம் என்னும் தளையே என்று தம்மம் கூறுகிறது. ஒப்பிடுதலையே விடச் சொல்கிறது அது. விளம்பரமோ ஒப்பிடுதலால் பிழைக்கிறது. அப்பெண்ணுக்கு நான் கூறியிருக்க வேண்டிய வேறுபாடு இதுவே.

அடுத்த திங்கள் மீண்டும் அத்தீவுக்குச் சென்றேன். அவள் வரவில்லை. மணமாகாத பிள்ளைகளையும் அவர்தம் தாய்மாரையும் முன்வரிசையில் அமரச் செய்து, அவள் கேள்வியை அவர்களிடம் கேட்டேன். இருவர் எழுந்து வெளியே சென்றனர். ஏனையோர் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தனர்.