பேசா மகனும் பெற்றோர் வினையும்

ஆட்டிசம் என்னும் மதியிறுக்கமுடைய பிள்ளைகளுட் சிலர், காளைப்பருவம் எய்திய பின்னும் ஊணுக்கும் உடைக்கும் துணை வேண்டி நிற்பர். அவர்தம் பெற்றோரை உழைப்பினும் மிகுதியாக வருத்துவது, 'எம் தீவினையே இவன்மேல் வந்தது' என்னும் எண்ணமாம்.

மேனாட்டிலும் இப்பழி உண்டு. 1943-இல் லியோ கானர் இக்குறையை விளக்கியபின், தாயின் அன்பின்மையே காரணமென்றார் பலர். இத்தகைய மகனைப் பெற்ற உளநூலறிஞர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் நூலெழுதி அதனை மறுத்தார்.

நம் சித்தாந்தமோ, வினை அவ்வவ்வுயிர்க்கே உரியதென்னும். தாயின் வினையை மகன் நுகர்வானெனல் நம் கொள்கையன்று. அவன் பிராரத்தம் யாதென அறிவான் இறைவன் ஒருவனே. அளந்து கூறல் நம்மனோர்க்கு அடாது. இனி, பெற்றோரைப் பக்குவப்படுத்தவே இவன் பிறந்தானெனத் தேற்றுவாரும் உளர். நல்லெண்ணமே, எனினும் பொருந்தாது. தனுகரணங்கள் அவனுக்கு அளிக்கப்பட்டவை, அவன் உய்தற்பொருட்டே. பேசாதவனும் அநாதியான ஆன்மாவன்றோ? (ஐந்தாண்டு பேசாதிருந்து செந்தூரில் வாய்திறந்த குமரகுருபரர் வரலாற்றை இவர்க்கு ஓயாது எடுத்துரைப்பதும் அருளுடைமையாகாது.)

இதனை உணர்ந்தோர், 'ஏன் வந்தது' என்பதை விடுத்து, 'இன்று இவனுக்கு எது வேண்டும்' என வினவத் தலைப்படுவர். மகன் தன் சட்டைப் பொத்தானைத் தானே இட்டுக்கொண்ட நாள் அவர்க்குத் திருநாள். 'எமக்குப்பின் யார்?' என்னும் அச்சம் மட்டும் எளிதில் ஒழியாது, அது நியாயமே. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 18 வயது நிரம்பிய இத்தகையோர்க்கும் காப்பாளரை நியமிக்க வழிசெய்துள்ளது. ஆயினும் அவனை முகமறிந்த நால்வர் ஊரில் வேண்டுமே! நம் சபையார் அவனை வழிபாட்டிற்கு அழைத்ததுண்டா? மணியோசைக்கு அஞ்சிச் செவிபொத்துவானெனின், மணியடியாத வேளையில் அழைக்கலாமே.