வரவில் எழுதக் கூடாத லாபம்

பரமத்திவேலூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து, ஆறு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் இளைஞர். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவருடைய அண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு நோட்டீஸை நீட்டினார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மறுபடி நடக்கலாமாம். கட்டணம் லட்சங்களில்!

"ரெண்டு ஏக்கரா காடு இருக்குதுங்க. வித்துப்போடலாம்னு இருக்கேன். நீங்க பத்திரிகைக்காரர், நாலு எடம் பார்த்தவர். விக்கலாமுங்களா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'வேண்டாம்' என்றால் நம்பிக்கையைப் பிடுங்கிய பாவம். 'வித்துடுங்க' என்றால் காட்டைப் பிடுங்கிய பாவம்.

ஆராய்ச்சி பொய்யில்லை. விரலில் அறுந்த நரம்பு மெதுவாக வளரும். தண்டுவடத்தில் அறுந்தது வளராது. அங்கே உண்டாகும் தழும்பும் சில ரசாயனங்களும் வழியை மறிக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் கனடாவில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், எலிகளின் தண்டுவடத்தில் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்துப் பார்த்தார்கள். அதற்குள் நரம்பிழைகள் வளர்ந்தன! வழி கிடைத்தால் வளரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

2025 மார்ச்சில் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் ஒரு முடிவை வெளியிட்டது. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை நான்கு பேருக்குச் செலுத்தினார்கள். இரண்டு பேருக்கு முன்னேற்றம். ஒருவர் எழுந்து நிற்கிறார். சந்தோஷமான செய்திதான். ஆனால் நாலே பேர். அதுவும் அடிபட்ட நாலு வாரத்துக்குள் சிகிச்சை. நம் தம்பிக்கோ ஆறு வருஷம்.

நான் படித்தது பி.காம். வைத்தியம் தெரியாது. ஆனால் கணக்குப் பாடத்தில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லித்தருவார்கள்: வரப்போகிற லாபத்தை வரவில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் தருவதென்றால், அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அப்படியானால் காசு கேட்கிறவர் செய்வது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம்.

இதைச் சொன்னதும் அண்ணன் முகம் வாடிவிட்டது. "அப்போ நம்பிக்கையே வேண்டாம்கறீங்களா?"

நடந்து வந்து, நடந்தே திரும்பப் போகிற நான் அதற்கு என்ன பதில் சொல்ல? கட்டிலிலிருந்து தம்பிதான் பேசினார். "வாசப்படிக்கு ஒரு சாய்தளம் போட்டுக் குடுங்கண்ணான்னு வந்த வருஷமே கேட்டேனுங்க. நடக்கப்போறவனுக்கு அது எதுக்குடான்னுட்டாரு."

பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆறு வருஷம் ஒரு மனுஷனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டதே!

1954-ல் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸுக்கும் சாலை விபத்தில் இதே கதி. நடக்கவைக்கும் மருந்து அன்றைக்கும் இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவருடைய முயற்சியில் 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. புண் வராமல் புரண்டு படுப்பது, சிறுநீர்த் தொற்று வராமல் பார்ப்பது, ஒரு தொழில் பழகுவது என்று அங்கே கற்றுத்தருவதெல்லாம் இன்றைக்கே கையில் இருக்கிற வரவு. தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரைக் குடிப்பதும் பெரும்பாலும் அந்தப் புண்ணும் தொற்றும்தான்.

நம்பிக்கை வையுங்கள், தப்பில்லை. விஞ்ஞானி வேலை செய்யட்டும். அந்த நாள் வரும்வரை தம்பி வாழ வேண்டாமா? 'எல்லாம் சரியானதும் பார்த்துக்கலாம்' என்று நம் வீடுகளிலும் யாரையோ காத்திருக்க வைத்திருக்கிறோமே, கொஞ்சம் யோசியுங்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கிழிக்கவில்லை. அப்புறம் வாசற்படியைப் பார்த்தபடி கேட்டார்:

"சாய்தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்டுங்க ஆகும்?"