சாவடிப் பொறுப்பாளர்

ஆண்டின் பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
இணைச்சட்டம் 30:10-14, கொலோசையர் 1:15-20, லூக்கா 10:25-37



நல்ல சமாரியர் உவமையைக் கேட்காமல் வளர்ந்த கிறிஸ்தவர் யாரும் இருக்க மாட்டார். விலகிப்போன குருவை எத்தனையோ மறையுரைகளில் கடிந்துகொண்டிருக்கிறோம். லேவியரையும் விட்டுவைக்கவில்லை. சமாரியரின் இரக்கத்தைப் புகழ்ந்திருக்கிறோம். ஆனால் உவமையின் கடைசியில் இன்னொருவர் வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை. ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை. அவர்தான் சாவடிப் பொறுப்பாளர். இன்று அவரோடு சற்று நேரம் இருப்போம்.

சமாரியரும் ஒரு வழிப்போக்கர்தான். அவருக்கும் போக வேண்டிய ஊர் இருந்தது. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுவந்தார். அன்றிரவு உடனிருந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் அவர் கிளம்பியாக வேண்டும். அடிபட்டவராலோ எழுந்து நடக்க முடியாது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தக் கள்வர் பயமுள்ள பாதையில் ஒரு சாவடி மட்டும் இல்லாதிருந்தால், சமாரியரின் இரக்கம் அந்த ஒரு இரவோடு நின்றிருக்கும். அவர் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தார். திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையில் ஒரு தெனாரியம்தான் ஒரு நாள் கூலி. அப்படியானால் இது இரண்டு நாள் கூலி. கூடவே, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஒரு வாக்கு.

பொறுப்பாளர் பணத்தை வாங்கிக்கொண்டார். ஆண்டவர் அதைக் குறை சொல்லவில்லை. அவர் கூலிக்குப் பார்த்தவர்தான். ஆனாலும் அவர் இல்லாமல் அந்த இரக்கம் நிறைவேறியிருக்காது.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மா சில நாள் முன்பு என்னிடம் கேட்டார்: "ஃபாதர், வெளியூர் போறவங்க நாயை வீட்டில வெச்சுப் பாத்துக்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு காசும் வாங்குறேன். சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. கடவுளுக்கு முன்னாடி இது ஒரு வேலையா?" அவருக்குத் தனியாகச் சொன்ன பதிலை இன்று எல்லாருக்கும் சொல்கிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி நாய் வளர்ப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

வேங்கிக்காலில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருக்கிறது. மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் என்று பலர் குடியிருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தில் வீட்டைப் பூட்டவே வேண்டியதில்லை; யாராவது ஒருவர் இருப்பார், நாய்க்கும் ஒரு கை சோறு வைப்பார். இன்று இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் இன்னொருவரும் வேலூருக்கோ சென்னைக்கோ போயாக வேண்டும். நாயை எங்கே விடுவது? பக்கத்து வீட்டாரிடம் எத்தனை முறை கேட்பது? அந்த நேரத்தில் "விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், மருத்துவமனையில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். நாயைப் பார்த்துக்கொள்கிறவர் மனிதருக்கும் தொண்டு செய்கிறார்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் அடிகளார் சொல்வதைக் கவனியுங்கள். விண்ணிலும் மண்ணிலும் உள்ள அனைத்தும் கிறிஸ்து வழியாகவும் கிறிஸ்துவுக்காகவும் படைக்கப்பட்டன. சிலுவையில் சிந்திய இரத்தத்தால் அனைத்தும் ஒப்புரவாக்கப்பட்டன. "அனைத்தும்" என்று சொன்னவர் மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நினிவே நகரின்மேல் ஏன் இரங்கக் கூடாது என்று கடவுள் யோனாவிடம் கேட்கும்போது, அங்குள்ள மக்களோடு கால்நடைகளையும் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் கேள்வியோடு யோனா நூல் முடிந்துவிடுகிறது. ஓய்வுநாள் கட்டளையில் மாட்டுக்கும் கழுதைக்கும் ஓய்வு உண்டு. தோபியா வானதூதர் இரபேலோடு பயணம் போனபோது வீட்டு நாயும் கூடவே போனது. திரும்பி வரும்போதும் அது உடன் வந்ததை அந்த நூல் மறக்காமல் குறிப்பிடுகிறது.

நம் ஊர்களில் ஆரோக்கியநாதர் என்று அழைக்கப்படும் புனித ரோக்கின் சுரூபத்தைப் பாருங்கள். காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய் நிற்கும். பிரான்சில் பிறந்த அவர் இத்தாலியில் கொள்ளைநோய் கண்டவர்களைப் பேணினார். கடைசியில் அவருக்கே நோய் வந்து காட்டில் ஒதுங்கிக் கிடந்தார். அப்போது ஒரு நாய் தன் எசமானரின் மேசையிலிருந்து தினமும் ரொட்டியைக் கவ்விக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்தது என்பது மரபு. ரொட்டி எங்கே போகிறது என்று பின்தொடர்ந்த எசமானர் புனிதரைக் கண்டுகொண்டார். ஆகஸ்ட் 16 அவருடைய திருநாள்.

நம் ஊர் ரமணாசிரமத்துக்குள் போயிருப்பவர்கள் பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் உண்டு. பிற சமயங்களில் காணும் உண்மையானதையும் தூயதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. உயிர்களை மதிக்கும் இந்தப் பழக்கத்தை இந்த மலையடிவார ஊரிடமிருந்து நாமும் கற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் காட்டிய பகுதி ஒன்று உண்டு. விடுதலைப் பயண நூல் 22ஆம் அதிகாரம். பிறருடைய விலங்கைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் அது இறந்துபோனாலோ காயப்பட்டாலோ, தாம் அதற்குக் காரணமில்லை என்று ஆண்டவர் பெயரால் ஆணையிட வேண்டும். உரிமையாளர் அதை ஏற்க வேண்டும். திருட்டுப் போனால் ஈடு கொடுக்க வேண்டும். காட்டு விலங்கு பீறிப்போட்டால் எஞ்சியதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மூவாயிரம் ஆண்டு பழமையான இந்த ஒழுங்கின் உயிர் இதுதான்: ஒப்படைக்கப்பட்டது உன்னுடையது அல்ல, அதற்கு நீ கணக்குக் கொடுக்க வேண்டும், நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும்.

இதை இன்றைய வீட்டில் எப்படி வாழ்வது? முதலில் வாசலிலேயே தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியும், பார்வோ போன்ற தொற்றுகளுக்கான ஊசியும் காலம் தப்பாமல் போட்டிருக்க வேண்டும். அட்டை இல்லாத நாயைப் பழக்கத்துக்காகவோ பணத்துக்காகவோ ஏற்பது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாய்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம். என்ன சாப்பிடும், என்ன மருந்து, எதற்குப் பயப்படும், எந்தக் கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். புதிதாக வந்ததை மற்ற நாய்களோடு உடனே சேர்க்காதீர்கள். சோற்றுத் தட்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கட்டும். பாசத்தில் சாக்லேட்டும் திராட்சையும் கொடுத்துவிடாதீர்கள்; வெங்காயம் சேர்ந்த குழம்பும் வேண்டாம். அவை நாய்க்கு நஞ்சு.

வெயில் நம் ஊரின் சோதனை. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிவைப்பதும், மதியத்தில் தார்ச்சாலையில் நடத்துவதும் கொடுமை. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்த நாட்களில் கேட் திறப்பவர் யார் என்றே தெரியாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் சுவரையும் தாண்டும். சொந்த வீட்டிலிருந்து ஓடிய நாய்க்குத் திரும்பும் வழி தெரியலாம். உங்கள் வீட்டுக்கு நேற்று வந்ததற்குத் தெரியாது. அதனால் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபாருங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும்.

கூலியை வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இத்தனை நாய்க்குத்தான் இடம் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். பண்டிகை நேரத்தில் நான்கு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்பது வாங்குவது பேராசை. ஏதாவது தவறு நடந்தால் அன்றைக்கே போனில் சொல்லுங்கள். "நல்லா சாப்பிடுறான்" என்று பொய் சொல்லி மூன்று நாள் கழித்து உண்மை தெரியவந்தால், இழந்த நம்பிக்கையைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. நல்ல ஆயருக்கும் கூலிக்கு மேய்ப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை யோவான் நற்செய்தியில் ஆண்டவர் சொல்கிறார். ஓநாய் வரும்போது கூலியாள் ஆடுகளை விட்டு ஓடுகிறார், ஏனெனில் அவருக்கு அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. குற்றம் கூலியில் இல்லை, கவலை இல்லாததில்தான் இருக்கிறது.

நாயை ஒப்படைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமாரியர் மூன்று காரியங்களைச் செய்தார். ஓர் இரவு தாமே உடனிருந்தார். பணத்தை முன்னதாகவே கொடுத்தார். திரும்பி வருவதாகச் சொன்னார். நீங்களும் நாயை அவசரமாக வாசலில் இறக்கிவிட்டு ஓடாதீர்கள். அது புது இடத்தில் சற்றே அமைதியாகும்வரை இருங்கள். கடிக்கும் குணம் இருந்தால் மறைக்காதீர்கள். சொன்ன நாளில் வாருங்கள். இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து தங்குபவர்களும், மாற்றலாகிப் போகிறவர்களும் ஆசையாக வளர்த்த குட்டியை யாரிடமாவது விட்டுவிட்டு போனை எடுக்காமல் இருந்துவிடுவது உண்டு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆண்டவர் முன்னால் அது வாக்குத் தவறுதல்.

அக்கம்பக்கத்தார் பக்கமும் நியாயம் உண்டு. உங்கள் அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். நாயைக் கண்டாலே நடுங்கும் பாட்டி இருக்கலாம். இரவு முழுதும் குரைப்பதையும் தெருவில் கழிவை விடுவதையும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. யாரையாவது கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநாய்க்கடி நோய்க்குக் கிட்டத்தட்ட மீட்பே இல்லை. அதற்கு முன்பு ஊசியால் தடுத்துவிடலாம். "என் நாய் வீட்டு நாய், ஒன்றும் ஆகாது" என்பதை மருத்துவம் ஏற்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் என் கடமையில் தவறியவனாவேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2416ஆம் எண்ணில் விலங்குகளுக்கு நாம் கருணை காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. 2418ஆம் எண்ணில், மனிதரின் துயர் தீர்க்க முதலில் போக வேண்டிய பணத்தை விலங்குகளுக்கு இறைப்பது தகாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கு வாங்கும் கோழிக்கறியை நான் கேள்வி கேட்கவில்லை. அதைச் சமைத்துக் கொடுக்கும் வேலைக்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கூலியைப் பிடித்துக்கொண்டீர்களா என்று கேட்கிறேன். செல்வர் வீட்டு வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நாய்கள் வந்து நக்கின. அந்த வீட்டு மனிதரோ திரும்பியும் பார்க்கவில்லை. ஊரிலிருக்கும் அம்மாவை மாதம் ஒருமுறைகூடக் கூப்பிட்டுப் பேசாதவர், போர்டிங்கில் விட்ட நாயை வீடியோவில் பார்த்துக் கண்கலங்கினால், அந்தப் பாசத்தில் ஏதோ கோணல் இருக்கிறது.

புனித அகுஸ்தீனார் இந்த உவமையை விளக்கும்போது சமாரியரில் கிறிஸ்துவைக் கண்டார். சாவடியில் திருச்சபையைக் கண்டார். கொடுக்கப்பட்ட இரண்டு காசுகள் இறையன்பு, பிறரன்பு என்னும் இரண்டு கட்டளைகள். அப்படிப் பார்த்தால் நாம் எல்லாருமே சாவடிப் பொறுப்பாளர்கள்தாம். நம் கையிலிருக்கும் எதுவும் நமக்கு விலைக்கு வந்ததல்ல. பெற்ற பிள்ளை, படுக்கையில் இருக்கும் மாமனார், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர், அலுவலக மேசைக்கு வரும் முதியவரின் மனு, எல்லாமே நம்மிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடப்பட்டவை. இந்தக் கட்டளை எட்டாத வானத்தில் இல்லை, கடல் கடந்தும் இல்லை, மிக அருகிலேயே இருக்கிறது என்கிறது முதல் வாசகம். உண்மைதான். அது நம் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் அளவு அருகில் இருக்கிறது.

எனவே அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில்: ஆம், இது வேலைதான், கணக்குக் கொடுக்க வேண்டிய வேலை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்களில் யார் எந்தத் தொழில் செய்தாலும் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதில் நீங்கள் அசட்டையாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குரியவரிடம் உண்மையைச் சொல்லிச் சரிசெய்யுங்கள். பேசிய கூலிக்கு மேல் நீங்கள் பாசத்தால் செலவழிப்பதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். அந்தக் கணக்கைத் தீர்ப்பது தம் பொறுப்பு என்று ஆண்டவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆமென்.