சான்றுரைப்போர்க்கு அபயம்



சென்ற பௌர்ணமி நாளில் கிழக்கேகோட்டையில் நம் கூட்டம் முடிந்து, விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த வேளையில், ஓர் அம்மையார் நம்மிடம் தனித்து வந்து நின்றார். சாலைக் கடைவீதியிலே சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி அவர். "ஐயா, என் மகன் ஓர் அடிதடியைக் கண்ணால் கண்டுவிட்டான். அடிபட்டவர் இறந்துபோனார். இப்போது போலீசார் அவனைச் சாட்சி சொல்ல அழைக்கிறார்கள். அடித்தவரைச் சேர்ந்தவர்களோ அன்றாடம் எங்கள் வாசல் வழியே நடக்கிறார்கள். பஞ்சசீலம் எடுத்துக்கொண்ட வீடு எங்களுடையது. அவன் போகவேண்டுமா, போகவேண்டாமா?" என்று கேட்டார்.

நம்மால் உடனே விடை கூற முடியவில்லை. 'பொய் சொல்லாதே' என்று பிறர்க்கு உபதேசிப்பது எளிது. அந்த உபதேசத்தைப் பின்பற்றியவன் இரவில் எந்தத் தெரு வழியாக வீடு திரும்புவான் என்று எண்ணிப் பார்ப்பதே அரிது. ஒரு மாத காலம் எண்ணியும் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் தம்மம் கூறுவதைக் காண்போம். கோசல நாட்டிலே சாலா என்றோர் ஊர். நாமோ இன்று சாலைக் கடைவீதியின் அருகே அமர்ந்திருக்கின்றோம்! அவ்வூரார்க்குப் பகவான் புத்தர் நான்காம் சீலத்தை விளக்கியபோது, வேறெந்த உதாரணத்தையும் விட்டு, சாட்சியையே எடுத்துக் காட்டினார். சபையிலோ, சுற்றத்தார் நடுவிலோ, தொழிற்கூட்டத்திலோ, அரசவையிலோ ஒருவன் அழைக்கப்பட்டு, அறிந்ததைக் கூறுமாறு கேட்கப்படுகிறான். அங்கே அவன் கண்டதைக் காணவில்லை என்றோ, காணாததைக் கண்டேன் என்றோ தன்பொருட்டோ பிறர்பொருட்டோ அற்ப ஆதாயத்தின் பொருட்டோ கூறுவானாயின், அதுவே முசாவாதம் என்பது பகவானின் விளக்கம். ஆகவே சாட்சிக்கூண்டு நமக்கு அந்நியமான இடமன்று. நான்காம் சீலம் சோதிக்கப்படும் இடமே அது.

ஆயினும் பகவான் அவ்வளவில் நிறுத்தினாரல்லர். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசிக்கையில், மனிதன் நெறி தவறுவதற்கு நான்கு வழிகளைக் காட்டினார். விருப்பால் தவறுவான்; வெறுப்பால் தவறுவான்; அறியாமையால் தவறுவான்; அச்சத்தால் தவறுவான். அச்சத்தைத் தனியே பெயரிட்டு எண்ணியிருப்பதை நோக்குங்கள். பொய்ச்சாட்சி சொல்பவன் எல்லோரும் கயவனல்லன். கூலி வாங்கிச் சொல்பவன் உண்டு. நடுங்கிச் சொல்பவனும் உண்டு. இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது தம்மமாகாது.

இதை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கூறவில்லை. இளமையில் ஒரு பஞ்சாலையில் வேலை செய்தோம். கார்டிங் இயந்திரம் ஒன்றின் காப்பு மூடியைக் கழற்றிவைத்தபடியே ஓட்டச் சொன்னார்கள். நம் அருகில் நின்ற தோழரின் வலக்கை உள்ளே போயிற்று. மூன்று விரல்கள் போயின. இழப்பீட்டு விசாரணைக்கு முந்தைய நாள் மேஸ்திரி நம்மை அழைத்து, "நீ ஒன்றும் பொய் சொல்லவேண்டாம்; பார்க்கவில்லை என்றால் போதும்; உன் வேலைக்கு ஒரு வினையும் வராது" என்றார். நாமும் விசாரணையில் "பார்க்கவில்லை" என்றோம். தோழர் வெளியே வந்து, "உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். அவர் நம்மை வைதிருந்தால் மறந்திருப்போம். அந்த மன்னிப்பே நம்மைப் பின்னாளில் தம்மத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆதலின் அஞ்சியவனை இகழும் தகுதி நமக்கு இல்லை.

இனி, நாம் அமர்ந்திருக்கும் இந்த இடத்தைப் பற்றியே பேசுவோம். இக்கோட்டைப் பகுதியின் காவல் நிலையம் நம் கால் நடை தூரத்தில் உள்ளது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், ஸ்ரீகண்டேசுவரம் பூங்காவிலிருந்து உதயகுமார் என்னும் ஏழைத் தொழிலாளி, தம் நண்பர் ஒருவருடன் பிடித்துக் கொண்டுசெல்லப்பட்டார். அவரிடம் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் பணம் இருந்தது. அது திருட்டுப் பணமோ என்பது ஐயம். அன்றிரவே அவர் உயிரிழந்தார். இரும்புக் குழாயைத் தொடைகளின்மேல் உருட்டியதால் உண்டான காயங்களே மரணத்திற்குக் காரணம் என்பது வழக்கு.

அவர் தாயார் பிரபாவதி அம்மா. செல்வமோ செல்வாக்கோ இல்லாதவர். முதல் விசாரணையிலே, உடன் பிடிக்கப்பட்ட அந்த நண்பரே, எல்லாவற்றையும் அருகிருந்து அறிந்திருக்கவேண்டியவரே, முன் சொன்னதை மாற்றிச் சொன்னார். வேறு சாட்சிகளும் பிறழ்ந்தனர். தாயார் உயர்நீதிமன்றத்தை நாடினார்; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2018 ஜூலையில் திருவனந்தபுரம் தனி நீதிமன்றம் காவலர் இருவர்க்கு மரண தண்டனையும் வேறு சிலர்க்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம், புலனாய்விலும் சான்றுகளிலும் இருந்த குறைகளைக் கூறி, அத்தண்டனைகளை நீக்கிக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது.

தீர்ப்புக்கு மேல் தீர்ப்புச் சொல்ல நாம் துணியமாட்டோம். நிறுவப்படாத குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றுவதும் முசாவாதமே. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். ஒருவர் உயிரோடு உள்ளே போனார். பிணமாக வெளியே வந்தார். இருபது ஆண்டுகள் கடந்தன. 'இதைச் செய்தவர் யார்' என்ற தாயின் கேள்விக்கு நிலைத்து நிற்கும் விடை கிடைக்கவில்லை. முதல் நாளிலேயே சாட்சிகள் அச்சமின்றிப் பேசும் நிலை இருந்திருந்தால், குற்றவாளி யாராயினும் தெரிந்திருப்பான். குற்றமற்றவர் எவரேனும் இருந்திருந்தால் அவரும் பதின்மூன்று ஆண்டு, இருபது ஆண்டு என்று பழி சுமந்திருக்கமாட்டார். சாட்சியின் அச்சம் இரு பக்கத்தையும் கொல்கிறது என்பதை அறிக.

நம் முன்னோர் பொய்ச்சாட்சியை எவ்வாறு கருதினர்? சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் வருகிறது. பொய்க்கரி கூறுவோரைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்பது அதன் தொழில். கற்புடைய பெண்ணொருத்திமேல் பொய்ப்பழி கூறிய ஒருவனை அப்பூதம் பற்றிக்கொண்டபோது, அவன் தாய் கதறினாள். கோவலன் இரங்கி, தன்னுயிரை எடுத்துக்கொண்டு அவனை விடுமாறு வேண்டினான். பூதம் இணங்கவில்லை. அவன் அழிந்தபின் அத்தாயையும் சுற்றத்தையும் கோவலன் பல்லாண்டு காத்தான்.

இக்கதையில் பொய்ச்சாட்சியை அச்சுறுத்த ஒரு பூதம் இருக்கிறது. மெய்ச்சாட்சியைக் காக்க எதுவும் இல்லை. இன்றோ நிலைமை அதனினும் கொடிது. பூதம் இடம் மாறிவிட்டது. உண்மை சொல்ல வருபவனின் தெருமுனையிலே அது நிற்கிறது.

அட்டப்பாடியை நினையுங்கள். 2018 பிப்ரவரி 22-ஆம் நாள், மது என்னும் ஆதிவாசி இளைஞர் அரிசி திருடினார் என்று காட்டிலிருந்து இழுத்துவரப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கு விசாரணையில் 24 சாட்சிகள் பிறழ்ந்தனர். ஒருவர், நீதிமன்றத்தில் காட்டிய காட்சிப் பதிவைத் தமக்குக் கண் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் கண் மருத்துவரிடம் அனுப்பியது. கண் பழுதின்றி இருந்தது! உபாசகர்களே, அச்சமும் ஆசையும் மனிதனின் கண்ணைப் பிடுங்கிவிடுகின்றன. ஆனால் அங்கே நீதி சாயவில்லை. மதுவின் தாயும் சகோதரியும் விடாது நின்றனர். சாட்சிகளைத் தொடர்புகொண்டதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட 12 பேரின் ஜாமீனை 2022-இல் நீதிமன்றம் நீக்கியது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. காப்பு கிடைத்த இடத்தில் வாய் திறந்தது என்க.

இனி, அம்மையாருக்கும் உங்களுக்கும் பயன்படும் செய்தியைக் கூறுவோம். அறியாமை நான்கு தவறான வழிகளில் ஒன்று என்றோமன்றோ? சட்டத்தை அறியாமையும் அதில் சேரும்.

2018 டிசம்பர் 5-ஆம் நாள் உச்சநீதிமன்றம், மகேந்தர் சாவ்லா வழக்கிலே, சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுவதற்கும் சட்டம்போல் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தோரில் தாமே தாக்கப்பட்ட சாட்சியும், கொல்லப்பட்ட சாட்சியின் தந்தையும் இருந்தனர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கவேண்டும் என்கிறது. பொய்ச்சாட்சி கூறுமாறு ஒருவரை மிரட்டுவது தனிக் குற்றம். ஏழாண்டு வரை சிறை உண்டு.

அத்திட்டம் இயங்கும் முறை இது. மாவட்டந்தோறும் ஒரு குழு. மாவட்ட நீதிபதி தலைவர். மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர். அரசு வழக்குரைஞர் துறையின் மாவட்டத் தலைவர் செயலாளர். மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற பெருந்தண்டனைக்குரிய குற்றங்களிலும், பெண்களின் மானத்தைக் குலைக்கும் சில குற்றங்களிலும் சாட்சியாயிருப்பவர் விண்ணப்பிக்கலாம். அவர் குடும்பத்தார், அவருடைய வழக்கறிஞர், விசாரணை அதிகாரி ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். உயிருக்கு ஆபத்தா, உடைமைக்கும் பெயருக்கும் ஆபத்தா, தொல்லையும் மிரட்டலுமா என்று மூவகையாகப் பிரித்துக் காவல் அதிகாரி அறிக்கை தருவார். அதன்மேல் குழு ஆணையிடும். வீட்டருகே ரோந்து, கண்காணிப்புக் கருவி, நீதிமன்றத்திற்குத் துணையோடு வண்டி, பெயரை மறைத்தல், வேறிடத்தில் குடியமர்த்தல், குற்றஞ்சாட்டப்பட்டவரை நேரே காணாதபடி திரைமறைவிலிருந்து சாட்சி கூறுதல் ஆகியவை அதில் உண்டு. ஒரு முறைக்கு மூன்று மாதம் வரையே பாதுகாப்பு. நாள் எண்ணி மீண்டும் கேட்கவேண்டும்.

காவலர்மீதே வழக்கு என்றால், காவலர் தரும் அறிக்கையை நம்புவதெப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, திட்டத்தின் குறையும் அதுவே. ஆயினும் குழுவின் தலைவர் நீதிபதி. அவர் சாட்சியோடும் குடும்பத்தோடும் பேசித் தேவையை அறியவேண்டும். விசாரணை மறைவாக நடக்கவேண்டும் என்பது விதி. ஆதலின் உள்ளச்சத்தை நீதிபதியின் செவியிலேயே இடுங்கள்.

குழந்தைகள், பாலியல் கொடுமைக்கு ஆளானோர், மனநோயுற்றோர், பேசவும் கேட்கவும் இயலாதோர் ஆகியோர்க்கெனத் தனி அறைகள் நீதிமன்றங்களில் அமைக்கப்படவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. மேலும், நம்மில் பெரும்பாலோர்க்கு உரிய ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் 15-ஏ பிரிவு நடைமுறையில் உள்ளது. சாட்சிகளை மிரட்டலினின்றும் காப்பது அரசின் கடமை. பயணச் செலவு தரப்படவேண்டும். சமூகத் தொண்டரையோ வழக்கறிஞரையோ துணைக்கொள்ள உரிமை உண்டு. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியார் 1990-க்குப் பின் அவ்வுரிமைகளை இழப்பதில்லை.

துணை என்ற சொல்லைப் பற்றிக்கொள்ளுங்கள். அரசின் காப்பு மூன்று மாதம்; அண்டை வீட்டார் காப்பு நாள்தோறும். ஐந்து சீலங்களைக் காப்பவன் எண்ணற்ற உயிர்கட்கு அச்சமின்மையைத் தானம் செய்கிறான் என்பது பகவானின் வாக்கு. சோறும் துணியும் கொடுப்பதற்குப் பொருள் வேண்டும். அபயம் கொடுப்பதற்கு ஒரு பகல் விடுமுறையும் ஒரு பேருந்துச் சீட்டும் போதும். பஞ்சாலை விசாரணைக்கு அன்று நம்முடன் நான்கு பேர் வந்திருந்தால், "பார்த்தேன்" என்று சொல்லியிருப்போம்.

ஆகவே அம்மையாரே, உமக்கு நம் விடை இது. மகனைத் தனியே அனுப்பாதீர். 'போகாதே' என்று தடுக்கவும் வேண்டா. முதலில் பாதுகாப்பு வேண்டி விண்ணப்பம் எழுதுவோம். நம் கூட்டத்தில் எழுதத் தெரிந்தோர் உள்ளனர். அவன் என்ன கண்டான் என்பதை நாம் யாரும் கேட்கமாட்டோம். அது நீதிமன்றத்திற்கு உரியது. நாம் கற்றுக்கொடுத்தோம் என்ற பழிக்கும் அவன் ஆளாகக்கூடாது. விசாரணை நாளில் நம்மில் எழுவர் உடன் வந்து வாசலில் அமர்ந்திருப்போம். மாலையில் வீடு வரை உடன் நடப்போம். மறுநாளும் உம் வாசலில் வந்து, நலம் கேட்போம்.

கூண்டில் ஏறி அவன் நடுங்கினால், "அஞ்சுகிறேன்" என்று நீதிபதியிடம் சொல்லட்டும். அதுவும் உண்மையே. அந்த உண்மையைக் கேட்டு நடவடிக்கை எடுக்கவே சட்டம் இன்று வழி செய்திருக்கிறது. "காணவில்லை" என்று மட்டும் சொல்லவேண்டா. அச்சொல்லின் பாரத்தை நாம் முப்பது ஆண்டுகளாகச் சுமக்கிறோம்; உம் மகனுக்கு அது வேண்டா.

எழுவர் பெயர் வேண்டும் என்றோம். முதற்பெயர் நம்முடையது. மற்ற அறுவர் இக்கூட்டம் கலையுமுன் பெயர் தருக.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க!