கூலிக்கு ஆடியவரின் விசுவாசம்

சில ஆண்டுகளுக்கு முன், அறுவடை முடிந்த ஒரு கோடையில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஓர் ஊரில் கால்பந்துப் போட்டி நடந்தது. எங்கள் அணிக்கு வெளியூர் இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்து வந்திருந்தனர். முந்தைய ஆண்டு அவர் எதிரணிக்கு ஆடியவர். அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் எதிர்ப்புறத்திலிருந்து, "காசுக்கு ஆடுறவன்!" என்று கூச்சல் எழுந்தது. எங்கள் பக்கத்திலும் சிலர் நகைத்தனர், நானும் நகைத்தேன். பிற்பாதியில் அவர் முழங்கால் திருகி விழுந்தார். பேசிய கூலி கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவரை எவரும் தேடவில்லை. அவர் கால் என்னவாயிற்று என்று நானும் விசாரிக்கவில்லை.

ஆட்டத்திற்கு முன் அவரிடம் கேட்டிருந்தேன்: "போன வருஷம் அந்தச் சட்டை, இந்த வருஷம் இந்தச் சட்டை, மனசு உறுத்தலையா தம்பி?" அவர் சொன்ன மறுமொழி: "இன்னிக்கு யாரு சட்டையப் போட்டிருக்கேனோ அவங்களுக்கு இன்னிக்கு ஒழுங்கா ஆடணும். அவ்ளோதாங்க ஐயா." அன்று அது எனக்குச் சிறிய விடையாகத் தோன்றியது. கூலிக்கு உழைப்பவனிடம் நாம் எத்தகைய விசுவாசத்தை எதிர்பார்க்கலாம்? அவனுக்கு நாம் பட்ட கடன்தான் என்ன?

ஊர்த்திடலில் எழுந்த இக்கேள்வி தொழில்முறை ஆட்டத்திற்கும் பொருந்தும். குமரி மாவட்டத்தில் தூத்தூரைச் சுற்றியுள்ள மீனவர் கடற்கரை, கால்பந்தாட்டக்காரர் பலரைத் தந்த மண். அக்கரையில் 1994-இல் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஒரு நடுக்கள ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணிக்கு ஆடி, 2017-18 ஐ-லீக் பருவத்தின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அடுத்த பருவத்தில் ஜாம்ஷெட்பூர் சென்றார். அதற்கடுத்து, அவ்வாண்டு வாகை சூடிய கொல்கத்தாவின் ஏடிகே அணியில் ஆடினார். 2020 நவம்பர் 20 அன்று கோவாவில் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், கால்மணி நேரம் கடக்குமுன்னரே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அப்பருவமே அவர் கைவிட்டுப் போயிற்று. பின்னர் ஒடிசா அணிக்குச் சென்றார்.

அவர் விட்டுச் சென்ற மறு பருவத்திலேயே சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. பொறுத்திருக்கலாமே என்பர் சிலர். ஆனால் 2021-22 பருவத்தில் அந்த லீக்கில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. 2005-06-இல் அதே பட்டத்தை வென்ற மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. கழகமே கணக்குப் பார்த்துக் கதவை மூடும்போது, ஆட்டக்காரன் மட்டும் கணக்குப் பாராமல் இருக்கவேண்டும் என்பது எவ்வகை நீதி?

ஐரோப்பாவிலும் இந்த நீதி எளிதில் கிட்டவில்லை. இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் வார ஊதியத்திற்கு 20 பவுன் என்ற உச்சவரம்பு 1961 வரை இருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ழான்-மார்க் போஸ்மன் என்றொரு நடுக்கள ஆட்டக்காரர் இருந்தார்; பெரும்புகழ் பெற்றவர் அல்லர். 1990-இல் அவரது ஒப்பந்தம் முடிந்தது. கழகம் பழைய ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கே தர முன்வந்தது. பிரான்சின் இரண்டாம் பிரிவு அணியான டன்கர்க்குக்குச் செல்லும் முயற்சியும் கழகத்தால் தடைப்பட்டது. அவர் வழக்காடினார். ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் மாற்றுத்தொகையின்றி வேறு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் பின்வந்தோர் கோடிகள் ஈட்டினர். வழக்காடியவரோ பின்னாளில் வறுமையாலும் மனச்சோர்வாலும் வாடினார்.

அப்படியாயின் விசுவாசம் என்பதே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதன் இடம் வேறு. பாகூர் ஏரிப் பாசன வயல்களில் நடவு நடும் பெண்களைப் பாருங்கள். நேற்று ஒருவர் நிலம், இன்று வேறொருவர் நிலம். பிறர் நிலம் என்பதற்காக நாற்றை அவர்கள் கோணலாக ஊன்றுவதில்லை. நேற்றைய நிலத்துக்காரருக்குத் துரோகம் செய்ததாக அவர்களை எவரும் ஏசுவதுமில்லை. நடுக்கள ஆட்டக்காரரின் பணியும் ஏறத்தாழ இதுவே. பின்களத்தாரிடமிருந்து பந்தை வாங்கி முன்களத்தாருக்குத் தருகிறார். பிறர் விட்ட இடைவெளியை ஓடி அடைக்கிறார். கோல் பட்டியலில் பெரும்பாலும் அவர் பெயர் இராது. அவரது விசுவாசம் அந்தத் தொண்ணூறு நிமிட உழைப்பில் உள்ளது. அணி மாறுகிறவர் துரோகி அல்லர். ஆடும் ஆட்டத்தையே எதிரணியிடம் விற்றுவிடுகிறவரே துரோகி.

அந்த இளைஞர் தம் கடனை அன்றே தீர்த்துவிட்டார், விழும்வரை ஓடினார். கடன் பாக்கி எங்களுடையது. பேசிய கூலியைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று எண்ணினோம். அவரிடம் வாழ்நாள் விசுவாசத்தை எதிர்பார்த்த நாங்கள், ஒருநாள் விசுவாசத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லை. இனி எங்கள் ஊரில் போட்டி நடத்தக் கூடும்போது, வெளியிலிருந்து வந்து ஆடுவோர் காயமுற்றால் மருத்துவச் செலவுக்கென வசூலில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்று நான் எழுந்து சொல்லப்போகிறேன். அதற்கு முன், காலந்தாழ்ந்தேனும், அவர் ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.